கரையிலேயே நின்ற ஞானராஜ் பிரதர்

புதன்கிழமை பகல் பதினொரு மணி இருக்கும். செம்பாக்கம் வீட்டு மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். பாஸ்டர் போன் செய்தார். "சிஸ்டர், ஞானராஜ் பிரதர் கர்த்தருக்குள்ள நித்திரையாயிட்டாரு" என்றார். மூன்று மாதமாகப் படுக்கையில் இருந்தவர், எதிர்பார்த்த செய்திதான். ஆனாலும் கையிலிருந்த ஈரத்துணியைக் கொடியில் போடத் தோன்றாமல் நின்றேன். "நம்ம சபையில அடக்க ஆராதனை எத்தனை மணிக்கு பாஸ்டர்?" என்று கேட்டேன். அவர் தயங்கினார். "நம்ம சபையில இல்ல சிஸ்டர். தாம்பரத்துல அவங்க குடும்பத்தோட பழைய சபை இருக்குல்ல, அங்க. நாலு மணிக்கு. அவரே அப்படிக் கேட்டுக்கிட்டாரு" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் பழைய சபையில் கைக்குழந்தையின் நெற்றியில் தண்ணீர் தெளித்து ஞானஸ்நானம் கொடுப்பார்கள். எங்களுடையது சுவிசேஷ சபை. விவரம் தெரிந்த வயதில், தானாக விசுவாசித்து, தண்ணீருக்குள் முழுதாக முழுகி எழுந்தால்தான் அது ஞானஸ்நானம் என்பது எங்கள் போதனை. தெளிப்பு செல்லாது என்று எங்கள் எல்லோர் மண்டையிலும் ஏற்றியவரே ஞானராஜ் பிரதர்தான். அவர் எதற்காக அங்கே போய் அடக்கமாக வேண்டும்?

மறுநாள் பாஸ்டர் மறுபடியும் கூப்பிட்டு, நினைவு ஆராதனையில் வாசிக்க இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னார். "நல்லத மட்டும் எழுதுங்க சிஸ்டர். சபை விசுவாசத்துல இடறிப் போயிடக் கூடாது" என்றார். இதை அங்கே வாசிக்க விடுவார்களா என்று தெரியவில்லை. விடாவிட்டால் அவரை அறிந்த உங்கள் ஒவ்வொருவர் கையிலும் நானே கொண்டுவந்து கொடுப்பேன்.

நல்லதிலேயே ஆரம்பிக்கிறேன். இந்தச் சபை ஐந்து குடும்பமாக அவர் வீட்டு ஹாலில் தொடங்கியபோது நாங்கள் எதை விசுவாசிக்கிறோம் என்று எழுதிவைக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர் அவர். எனக்கு டைப்பிங் தெரியும் என்பதால் என்னையும் உட்கார வைத்தார். வேதம் தேவனால் அருளப்பட்டது என்பதில் தொடங்கி, இயேசுவின் மரணம், உயிர்த்தெழுதல், கிரியையால் அல்ல விசுவாசத்தால் இரட்சிப்பு, அவருடைய இரண்டாம் வருகை என்று பத்து அறிக்கைகள். ஒவ்வொரு வரிக்கும் வசனம் கேட்பார். யாராவது அழகாக ஒன்று சொன்னால், "நல்லாத்தான் இருக்கு. பைபிள்ல இருக்கா?" என்பார். அவ்வளவுதான், சொன்னவர் வாயை மூடிக்கொள்வார். "என்ன நம்பறேன்னு நாலு வரியில சொல்லத் தெரியலன்னா, நம்பறேன்னு எப்படிச் சொல்ல முடியும் சிஸ்டர்?" என்று என்னிடம் கேட்டது நினைவிருக்கிறது. ஏழு வாரம் எடுத்தது. எழுதி முடித்த அன்று ரூபி சிஸ்டர், அவருடைய மனைவி, கேசரி கிண்டினார். அவரைப் போல ஒரு தெளிவான மனிதரை நான் அதுவரை பார்த்ததில்லை. இதையும் மனதாரத்தான் எழுதுகிறேன்.

ஏழாவது அறிக்கை முழுக்கு ஞானஸ்நானத்தைப் பற்றியது. எட்டாவது, திருவிருந்தைப் பற்றியது. முழுக்கு எடுத்தவர்கள் மட்டுமே கர்த்தருடைய பந்தியில் அப்பத்திலும் திராட்சரசத்திலும் பங்கு பெறலாம் என்று அதில் இருக்கிறது. இரண்டுமே அவர் கையெழுத்தில் வந்து நான் டைப் செய்தவை.

ஆரம்ப வருடங்களில் ஞானஸ்நானம் கொடுக்கக் கோவளம் கடற்கரைக்கு வேன் பிடித்துப் போவோம். மீனவக் குப்பத்துப் பெண்கள் கூடையை இறக்கிவைத்துவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். "இன்னா சார், இன்னிக்கு எத்தினி பேரு முழுகப் போறாங்கோ?" என்று ஒரு மீன்காரம்மா ஒவ்வொரு முறையும் கேட்பார். "ஆறு பேர்மா" என்று ஞானராஜ் பிரதர் சிரிப்பார். "நீ எப்ப சார் முழுகுவ? எப்பப் பாரு துண்ட தூக்கிகினு கரையிலயே நிக்கிற!" என்பார் அந்தம்மா. நாங்கள் எல்லோரும் சிரிப்போம். உண்மையில் அவர் அப்படித்தான் நிற்பார். ஒரு கையில் பெயர்ப் பட்டியல், தோளில் அடுக்கிய துண்டுகள். பாஸ்டரும் சபையை நடத்தும் மற்ற மூப்பர்களும் இடுப்பளவு தண்ணீரில் நிற்க, இவர் மட்டும் மணலில். முழுகி எழுந்து நடுங்கி வருபவர்களுக்குத் துண்டைப் போர்த்தித் தலையைத் துவட்டிவிடுவார். மூத்தவராக இருந்தும் எவ்வளவு தாழ்மை என்று நாங்கள் பேசிக்கொள்வோம். நானே ஒரு சாட்சிக் கூட்டத்தில் மைக் பிடித்து அதைச் சொல்லியிருக்கிறேன். சுனாமிக்குப் பிறகு கடலுக்குப் போவதை விட்டுச் சபைக்குப் பின்னால் தொட்டி கட்டினோம். அங்கேயும் அவர் வெளியேதான் நின்றார். முழங்கால் வலி என்றார்.

ஞானஸ்நானத்துக்கு வருகிறவர்கள் நிரப்பும் படிவமும் அவர் தயாரித்ததே. வேறு சபையிலிருந்து வருகிறவர் எங்கே, யார் கையால் முழுக்கு எடுத்தார் என்று அதில் எழுத வேண்டும். எல்லோரிடமும் அதைக் கேட்டு எழுதியவர் அவர். அவரிடம் கேட்க வேண்டும் என்று எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இனி என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா போன பிறகு அம்மா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து என்னோடு வந்து தங்கினாள். எழுபது வருடம் ஊரில் அதே மாதிரிப் பழைய சபையில் இருந்தவள், நெற்றியில் தண்ணீர் தெளிக்கப்பட்டவள். வந்த எட்டாம் மாதம் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு மட்டும் கொஞ்சம் குழறலாகத் திரும்பி வந்தது. வேறு எதையும் அவள் கேட்கவில்லை. திருவிருந்து மட்டும் வேண்டும் என்றாள். ஊரில் மாதம் தவறாமல் பீடத்தின் முன்னால் முழங்காலில் நின்று, இடக்கை மேல் வலக்கையை வைத்து ஏந்தி வாங்கியவள். இப்போது விளங்காத வலக்கையை இடக்கையால் தூக்கி மடியில் வைத்து, ஏந்தியபடி உட்கார்ந்து காட்டுவாள்.

நான் ஞானராஜ் பிரதரிடம் போனேன். அம்மாவைக் கடலுக்கோ தொட்டிக்கோ கொண்டுபோக டாக்டர் சம்மதிக்கவில்லை, மூச்சு தாங்காது என்கிறார், விதிவிலக்கு கொடுக்கலாமா என்று கேட்டேன். அவர் நெடுநேரம் யோசித்தார். பிறகு சொன்னார்: "தண்ணிக்கு பயந்துகிட்டு கீழ்ப்படிதலத் தள்ளிப் போடக் கூடாது சிஸ்டர். உங்க அம்மாவுக்கு வளைச்சா நாளைக்கு ஒவ்வொருத்தருக்கும் வளைக்கணும்." நான் தலையாட்டிவிட்டு வந்தேன். வருத்தமாக இருந்தது. ஆனால் சரியாகத்தான் சொல்கிறார் என்று நம்பினேன்.

எங்கள் சபையில் எழுந்து நடமாட முடியாதவர்களுக்கு திருவிருந்து நடக்கும் மாதத்தின் முதல் ஞாயிறு பிற்பகல் அப்பத்தை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பது வழக்கம். அதைச் செய்தவரும் அவர்தான். ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவில் எடுத்து வருவார். எங்கள் அடுத்த தெருவில் ஒரு வயதான சகோதரிக்குக் கொடுத்துவிட்டு, அம்மாவுக்காக ஜெபிக்க எங்கள் வீட்டுக்கும் வருவார். டப்பா பைக்குள்ளேயே இருக்கும். ஒருநாள் அம்மா அந்தப் பையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"ஏய்யா, சிலுவையில தொங்குன கள்ளன் எந்தத் தண்ணியில முழுகுனான்? ஆண்டவரு அவனப் பரதீசுக்குக் கூட்டிட்டுப் போகலியா?"

"அது விசேஷித்த சந்தர்ப்பம்மா" என்றார் அவர்.

"சரி, நீரு எங்க முழுகுனீரு?"

அவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். "ஜெபிச்சுக்குவோமாம்மா?" என்று கண்ணை மூடிவிட்டார். நீளமான ஜெபம். அவர் போன பிறகு, மூப்பரை இப்படியா கேட்பது என்று நான் அம்மாவைத்தான் திட்டினேன். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதற்கடுத்த ஆறாவது மாதம், பந்தியில் பங்கு பெறாமலே போய்ச் சேர்ந்தாள்.

புதன்கிழமை அடக்கத்துக்குப் போனேன். அங்கியணிந்த அந்தச் சபையின் ஆயர் ஆராதனை ஒழுங்குப் புத்தகத்தைப் பார்த்து வாசித்தார். நம் சபையார் ஏழெட்டுப் பேர் பின்வரிசையில் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றோம். மண் போட்டு முடிந்ததும் ரூபி சிஸ்டர் என் கையைப் பிடித்துக் கல்லறைத் தோட்டத்து வேப்பமரத்தடிக்குக் கூட்டிப் போனார்.

"உங்ககிட்ட மட்டும் சொல்லச் சொன்னாரு சிஸ்டர். அவர் முழுக்கு எடுக்கல."

நான் சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தேன். அவர் மறுபடியும் சொன்னார். சின்ன வயதில் ஞானராஜ் பிரதரின் தம்பி அவர் கண்ணெதிரே கிணற்றில் மூழ்கி இறந்திருக்கிறான். அதற்குப் பிறகு முழங்காலுக்கு மேல் தண்ணீரில் அவர் இறங்கியதே இல்லை. "ஷவர்ல கூட நிக்க மாட்டாரு சிஸ்டர். முகத்துல தண்ணி விழுந்தா மூச்சு முட்டும். வாளியில மொண்டு மொண்டுதான் குளிப்பாரு" என்றார்.

"ஏன் சொல்லல?"

"முதல்ல எல்லாருமா சேர்ந்து, நீங்கதான் நடத்தணும்னு சொல்லிட்டீங்க. எடுத்திருப்பாருன்னு நீங்களே நெனச்சுக்கிட்டீங்க. அடுத்த மாசம் எடுத்துடறேன், அடுத்த வருஷம் எடுத்துடறேன்னு என்கிட்ட சொல்லிக்கிட்டே இருந்தாரு. அப்புறம் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்றது? கடைசியில பாஸ்டர்கிட்ட மட்டும் சொன்னாரு. பழைய சபையில ஒரு ஞானஸ்நான ரிஜிஸ்டர் இருக்கு, அதுலதான் என் பேர் உண்மையா எழுதியிருக்கு, என்னை அங்கயே வெச்சுடுங்கன்னாரு."

ரூபி சிஸ்டர் அழுதார். அவரை அணைத்துக்கொண்டேனே தவிர எனக்கு அழுகை வரவில்லை. தம்பியைக் கண்ணெதிரே இழந்தவர்மேல் இரக்கப்படாமல் இருக்க நான் கல் இல்லை. அந்த இரக்கத்தையும் எனக்கு மிச்சம் வைக்காமல் செய்துவிட்டாரே என்றுதான் கோபம். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தச் சபையில் யார் அவர்மேல் கல்லெறிந்திருப்பார்கள்? நானே அவர் கையைப் பிடித்துக்கொண்டு தொட்டி ஓரத்தில் நின்றிருப்பேன். இல்லை, அந்த அறிக்கையை நானே மறுபடி டைப் செய்திருப்பேன். தண்ணீரில் இறங்க முடியாத ஒருவரின் தவிப்பு இந்தச் சபையில் யாருக்குத் தெரியாவிட்டாலும் அவருக்குத் தெரியும். தெரிந்தே, என் அம்மாவின் கட்டிலருகே, டப்பாவைப் பைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காலையில் அவரும் அந்த அப்பத்தைச் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்திருப்பார். அம்மாவுக்குக் கதவைத் திறந்தால் தன்னைப் பற்றியும் பேச வேண்டிவரும் என்று பயந்தாரா? அப்படித்தான் இருக்க வேண்டும். அதை நான் மன்னிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். இன்றைய தேதிக்கு முடியவில்லை.

பாஸ்டருக்கும் ஒரு வார்த்தை. சபை இடறிப் போகும் என்கிறீர்கள். ஒருவர் இத்தனை வருடம் நம் நடுவில் இருந்து, பயமாக இருக்கிறது என்று சொல்ல முடியாமல் போயிருக்கிறார். அப்போதே நாம் இடறிப் போய்விட்டோம்.

அவரிடமிருந்து எனக்கு என்ன மிஞ்சியிருக்கிறது என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். பத்து அறிக்கைகளும் மனப்பாடமாக இருக்கின்றன. அவற்றில் ஒன்பதை இன்னும் முழுமனதோடு விசுவாசிக்கிறேன், அவற்றை விசுவாசிக்கக் கற்றுக்கொண்டது அவரோடு உட்கார்ந்துதான். எட்டாவதை இனி வாய் திறந்து சொல்ல மாட்டேன். அவர் என்னை ஏமாற்றினார் என்று யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன்.

ஆனால் இன்னொன்றும் மிஞ்சியிருக்கிறது. அதை எழுதாமல் இதை முடித்தால் நானும் அவரைப் போலத்தான். அம்மா இறப்பதற்கு முந்தைய திருவிருந்து ஞாயிறு, நான் சேலை கட்டிக்கொண்டு சபைக்குக் கிளம்பினேன். அம்மா என்னைக் கட்டிலருகே கூப்பிட்டாள். "ஏட்டி, உன் பங்கு அப்பத்துல ஒரு துண்டு முந்தானையில முடிஞ்சு கொண்டாயேன். யாருக்குத் தெரியப் போவுது?" என்றாள். ஒருவருக்கும் தெரிந்திருக்காது. ஞானராஜ் பிரதர் அப்போது அங்கே இல்லை. "முடியாதும்மா" என்று சொன்னது நான்தான்.