அப்பா எடுத்துக்கொண்ட ரெக்கார்டுகள்

எங்கள் அப்பா மறைந்து ஓர் ஆண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைத் தயாரிக்கும் பொறுப்பைத் தம்பி ஏற்றுக்கொண்டான். புகைப்படங்களும் உறவினர்கள் எழுதிக் கொடுத்த வரிகளும் சேர்ந்த பிறகு, அப்பாவுக்குப் பிடித்த பாடகர்கள் யார், பிடித்த பாடல்கள் எவை என்று ஒரு பக்கம் போடலாம் என்று சொன்னான். வாழ்நாள் முழுவதும் மைக் செட் வைத்துத் திருவாரூர் வட்டாரத்துக்கே பாட்டுப் போட்ட மனிதர் அவர். பிள்ளைகள் சேர்ந்து உட்கார்ந்தால் ஒரு பொழுதில் முடிகிற வேலை என்றுதான் நானும் நினைத்தேன்.

முடியவில்லை. கனத்த குரலில் பாடுவாரே, அவர்தான் அண்ணனுக்கு உயிர் என்றார் சித்தப்பா. "ஒனக்கு உசுருன்னு சொல்லு. அண்ணன் நாகஸ்வரம்னாத்தான் காது குடுத்துக் கேக்கும்" என்றார் அத்தை. தம்பியோ தன் கல்லூரிக் காலத்து இசையமைப்பாளர் ஒருவரை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று நின்றான். பெயர்களை நான் இங்கே எழுதவில்லை. எழுதினால் நினைவு நாள் பந்தியிலும் அந்தச் சண்டை தொடரும். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்து, பிறகு காரியங்கள், தாலுகா ஆபீஸ் நடை என்று ஓய்ந்துபோயிருந்த எங்களுக்கு அதற்கெல்லாம் தெம்பில்லை.

சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த அம்மா அப்போதுதான் வாயைத் திறந்தார். "அவரு போட்டத எழுதப் போறீங்களா, அவருக்குப் புடிச்சத எழுதப் போறீங்களா? ரெண்டும் ஒண்ணு இல்ல."

அதன் பிறகு அம்மா சொன்னதில் பாதி எனக்குத் தெரியும்; பாதி தெரியாது. அந்தப் பக்கத்துக்குப் பதிலாக அதையே எழுதித் தருகிறேன்.

அப்பா பிறந்தது திருவாரூருக்குத் தெற்கே, வாய்க்கால் ஓரமாக இருந்த எங்கள் தெருவில். தாத்தா ஒரு பெரிய பண்ணையில் பண்ணையாள். குடிசை நின்ற மண்ணும் பண்ணைக்குச் சொந்தம். காலி செய் என்றால் செய்ய வேண்டும். அப்பாவும் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு மாடு மேய்க்கவும் நாற்றுக்கட்டு சுமக்கவும் போனவர்தான். அங்கிருந்து அவரை வெளியே அழைத்துப்போனவர் திருவாரூரில் மைக் செட் வைத்திருந்த ஒரு பாய். திருவிழாவுக்குக் குழாய் ஸ்பீக்கர் கட்ட வந்த பாய்க்குத் தென்னை மரம் ஏறத் தெரியாது. அப்பா ஏறிக் கட்டிக் கொடுத்தார். "எங்கூடயே வந்துடு தம்பி" என்று பாய் கூப்பிட்டார். அப்பா போய்விட்டார். அதற்காகப் பண்ணையில் தாத்தாவுக்குக் கிடைத்த ஏச்சு கொஞ்சமல்ல. பாய் வீட்டில் அப்பாவுக்கும் பாய்க்கும் பக்கத்தில் பக்கத்தில் தட்டு வைத்துச் சோறு போட்டார்கள். அதை அப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். சில ஆண்டுகள் கழித்து வியாபாரம் பார்க்கச் சிங்கப்பூர் போன பாய், ஒரு பழைய செட்டை அப்பாவிடமே விட்டுவிட்டுப் போனார்.

எங்கள் ஊர்க் கடைத்தெரு முனையில் ஓர் ஓட்டு வீடு வாடகைக்குக் கிடைத்தது. முன்னறை கடை, பின்னறை குடித்தனம். ஓர் ஆம்பிளிபயர், ரெக்கார்டு பிளேயர், பேட்டரி, இரண்டு குழாய், மரப்பெட்டி நிறைய ரெக்கார்டுகள். எங்கள் தெருவில் பிறந்தவர் ஒருவர் கடைத்தெருவில் கடை வைத்தது அதுவே முதல் தடவை. மாநிலத்தில் ஆட்சி மாறிய புதிது. கூட்டங்களுக்குக் குறைவில்லை. கருப்பு சிவப்புக் கரை வேட்டிக்காரர்களும் கதர்க்காரர்களும் செங்கொடிக்காரர்களும் அப்பாவிடம்தான் வந்தார்கள். மிராசுதார்கள் வீட்டுக் கல்யாணத்துக்கும் அப்பாதான். மாட்டுக்கொட்டகைப் பக்கம் உட்கார வைப்பார்கள். சாப்பாடும் அங்கேயே வரும். ஆனால் முகூர்த்த நேரத்தில் பாட்டு நின்றுவிட்டால் மிராசுதாரே ஓடி வருவார்.

மாப்பிள்ளை வீட்டார் ஒரு நடிகரின் பாட்டைக் கேட்பார்கள். பெண் வீட்டார் அவருக்குப் போட்டியான நடிகரின் பாட்டைக் கேட்பார்கள். அப்பா மாற்றி மாற்றிப் போட்டு இரண்டு பக்கத்தையும் சமாளிப்பார். "ஒங்களுக்கு யாரு பாட்டு புடிக்கும், அதச் சொல்லுங்க" என்று வம்புக்கு இழுப்பவர்களும் உண்டு. "நான் போடுறவன்தாங்க, கேக்குறவங்க நீங்க" என்று சிரித்துவிட்டு அடுத்த ரெக்கார்டை எடுப்பார்.

ஆனால் அவருக்கும் ஒன்று இருந்தது. அப்போது அது அம்மாவுக்கு மட்டுமே தெரியும். ஒரு பெண் குரல். சினிமாப் பாட்டு இல்லை. நடவு நடும் ஒருத்தி, வரப்பில் தூங்கும் தன் பிள்ளை விழித்துவிடக் கூடாதே என்று மெல்லப் பாடுவதுபோல இருக்கும் என்கிறார் அம்மா. பாடியவர் யாரென்று தெரியாது. பாயிடம் வரும்போதே அந்த ரெக்கார்டுத் தட்டின் நடுவில் ஒட்டியிருந்த காகிதம் உரிந்துபோயிருந்ததாம். விசேஷம் முடிந்து வந்து செட்டைத் துடைத்துச் சரிபார்க்கும்போது அப்பா அதைத்தான் போட்டுப் பார்ப்பார். "மத்த பாட்டு ஓடுறப்ப அவரு கையும் ஓடிக்கிட்டே இருக்கும். அது ஓடுறப்ப மட்டும் ஸ்குரூ திருப்புற கை அப்படியே நின்னுடும்" என்றார் அம்மா.

நான் பிறந்த ஆண்டு, சம்பா அறுவடைக்குக் கூலி உயர்த்திக் கேட்டு எங்கள் ஆட்கள் வயலில் இறங்கவில்லை. பண்ணைகள் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கின. ஊருக்கு ஊர் போலீஸ் வண்டி நின்றது. சங்கத்துக்காரர்கள் கடைத்தெருவில் கூட்டம் போடுவதற்கு அப்பாவிடம் மைக் செட் கேட்டார்கள். அப்பா ஒப்புக்கொண்டார். கூட்டத்துக்கு முதல் நாள், பண்ணையின் வேலைகளையும் ஆட்களையும் மேற்பார்க்கும் காரியக்காரர் கடைக்கு வந்து நின்றார். அவருடைய மகள் கல்யாணத்துக்கும் அப்பாதான் பாட்டுப் போட்டிருந்தார்.

"டேய், நாளைக்கு ஒடம்பு சரியில்லன்னு சொல்லிடு. சங்கத்துக்குக் குழா கட்டாத."

அப்பா சொன்ன பதிலை அம்மா இன்னும் வார்த்தை மாறாமல் சொல்கிறார். "எங்கப்பாவும் நாளைக்கு அந்தக் கூட்டத்துலதாங்கய்யா உக்காந்திருப்பாரு. அவருக்குக் காது மந்தம். குழா இல்லாட்டி ஒண்ணும் கேக்காதுங்க."

காரியக்காரர் திரும்பிப் போய்விட்டார். கூட்டம் நடந்தது. தாத்தா முன்வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார்.

அது முடிந்து சில நாள் கழித்து, ஒரு நண்பகலில், காரியக்காரர் ஆட்களோடு வந்தார். கடைத்தெருவில் மற்றவர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். நான் தூளியில் கிடந்த கைக்குழந்தை. அம்மா தூளிக் கயிற்றைப் பிடித்தபடி நின்றாராம்.

"ஒன்ன அடிக்கச் சொல்லல. பெட்டியத்தான் ஒடைக்கச் சொல்லியிருக்காங்க" என்றார் காரியக்காரர். "எம் பொண்ணு கல்யாணத்துக்குப் பாட்டுப் போட்டவன் நீ. ஒரு கையில புடிக்கிற அளவுக்கு ரெக்கார்டு எடுத்துக்க. எடுத்தது ஒனக்கு. மிச்சம் எங்களுக்கு."

அப்பா மரப்பெட்டியின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். உறையோடு ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். வந்தவர்களில் ஒருவன், கடப்பாரையைத் தரையில் ஊன்றியபடி எட்டிப் பார்த்து, "அத எடு, அது நல்ல பாட்டு" என்றானாம். பக்கத்தில் நின்றவன், "அது என்னா பாட்டு? அதுக்கு அடியில இருக்கு பாரு, அத எடு" என்றான். அந்தப் பாடகர் பெரியவரா இந்தப் பாடகர் பெரியவரா என்று இரண்டு பேரும் அங்கேயே பேச ஆரம்பித்துவிட்டார்கள். "எதுக்குடா வந்தீங்க?" என்று காரியக்காரர் அதட்டிய பிறகுதான் நிறுத்தினார்கள். இதைச் சொல்லும்போது அம்மா சிரித்தார்.

அப்பா எடுத்தது இவைதான். எந்த விசேஷத்திலும் முதலில் போடும் பிள்ளையார் பாட்டு. தாலி கட்டும் நேரத்து நாகஸ்வரம். வளைகாப்புப் பாட்டு. நாகூர் கந்தூரிக்குப் போகிறவர்கள் கேட்கும் பாட்டு. வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்களுக்குப் போடும் மாதா பாட்டு. சாவு வீட்டில் போடும் தத்துவப் பாட்டு. ஒரு கைக்கு அதற்கு மேல் கொள்ளாது என்ற நேரத்தில், காகிதம் உரிந்த அந்தத் தட்டும் மறு கைக்கு வந்தது. "ஏங்க, அத எடுங்க" என்று அம்மா மெதுவாகச் சொன்னார். அப்பா அதைக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டு எழுந்தார்.

அதன் பிறகு அவர்கள் வேலையைத் தொடங்கினார்கள். ஆம்பிளிபயர் நொறுங்கியது. குழாய்களை மிதித்துத் தட்டையாக்கினார்கள். ரெக்கார்டுகள் உடையும் சத்தம் கடைத்தெரு முழுவதும் கேட்டதாம். நான் தூளியில் வீறிட்டு அழுதேனாம்.

"ஏன் அத வச்சுட்டீங்க?" என்று அம்மா அன்றைக்கே கேட்டார்.

"அந்தப் பாட்டுக்காக யாரும் குழா கட்டச் சொல்ல மாட்டாங்க. இதுங்க கையில இருந்தா யாருகிட்டயாவது செட்டு எரவல் வாங்கி ஓட்டிக்கலாம்" என்றார் அப்பா.

அவர் சொன்னது சரிதான். அம்மாவால் அதை மறுக்கவும் முடியவில்லை, அதோடு சமாதானமாகவும் முடியவில்லை.

கூலிப் பேச்சு ஒருவழியாக முடிந்தது. கேட்டது முழுதாகக் கிடைக்கவில்லை. கிடைத்ததை வாங்கிக்கொண்டு ஆட்கள் வயலில் இறங்கினார்கள். பின்னால் நில உச்சவரம்புச் சட்டம் வந்தது. பண்ணையின் நிலங்கள் பெயர் மாறின, கை மாறவில்லை. ஆனால் குடிசை நின்ற மனைக்குப் பட்டா கிடைத்தது. அதைத் தாத்தா பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடினார். அப்பா நெடுங்காலம் திருவாரூரிலும் மன்னார்குடியிலும் மற்றவர்களின் கடைகளில் வேலைக்கு நின்றார். துணியில் சுற்றிய அந்தச் சில ரெக்கார்டுகள் எப்போதும் சைக்கிள் கேரியரில் இருக்கும். அவற்றை வைத்துத்தான் எங்களைப் படிக்க வைத்தார் என்றால் அது மிகையில்லை. நான் ஆசிரியையானேன். தம்பி மின்வாரிய வேலைக்குப் போனான்.

கேசட் காலத்தில் அப்பா மறுபடியும் சொந்தக் கடை வைத்தார். வளைகுடா வேலைக்குப் புறப்படும் பிள்ளைகள் பாட்டுப் பதிந்துகொள்ள வருவார்கள். "நீங்களே நல்லதாப் பாத்துப் போட்டுக் குடுங்கண்ணே" என்பார்கள். அப்பா செய்ய மாட்டார். "அங்க போயி கேக்கப்போறது நீ. ஒம் பாட்ட நீதான் சொல்லணும். அவசரமில்ல, ஒக்காந்து யோசி" என்று ஸ்டூலை இழுத்துப் போடுவார். வாடிக்கையாளர்கள் காத்திருக்க, ஒருவன் யோசித்துக்கொண்டே இருப்பான். எனக்கு அது எரிச்சலாக இருக்கும். இப்போது அப்படி இல்லை.

அந்தப் பெண் பாடிய பாட்டை அப்பா தேடாமல் இல்லை. தஞ்சாவூர், திருச்சி என்று போகும் இடமெல்லாம் ரெக்கார்டு கடைகளில் கேட்டிருக்கிறார். பாடியவர் பெயர் தெரியாது, பாட்டின் முதல் வரியும் சரியாகத் தெரியாது. மெட்டைப் பாடிக் காட்டினால் கடைக்காரர்கள் சிரித்தார்கள். ஊருக்கெல்லாம் பாட்டுப் போட்ட அப்பாவுக்குச் சுத்தமாகப் பாட வராது. ஒரு கட்டத்தில் கேட்பதை விட்டுவிட்டார்.

கடைசி ஆண்டுகளில் அவருக்கு மூச்சு வாங்கும் நோய். தஞ்சாவூருக்கு ஆஸ்பத்திரி நடை ஓயவில்லை. அம்மா இதைச் சொல்வதற்கு முன்பே, ஒரு பெண் பாடிய பாட்டை அப்பா தேடினார் என்ற அளவில் மட்டும் எனக்குத் தெரியும். ஒரு நாள் மாத்திரை கொடுத்துவிட்டுக் கைப்பேசியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இப்ப எல்லாப் பாட்டும் இதுல கெடைக்கும்ப்பா. ஒரு வரி பாடுங்க, தேடிப் பாத்துடலாம்."

அப்பா வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். கண்ணை மூடி யோசித்தார். விரலால் கட்டில் சட்டத்தில் தாளம் தட்டிப் பார்த்தார்.

"மறந்துபோச்சும்மா" என்றார். "மெட்டும் வரல, வார்த்தையும் வரல. புடிச்சிருந்ததுங்கறது மட்டும்தான் ஞாபகம் இருக்கு."

நான் கைப்பேசியை அணைத்து வைத்தேன். அந்த வாரமே அவருக்கு உடல்நிலை மோசமாகிவிட்டது.

அப்பா மறைந்த அன்று சுற்றுவட்டார மைக் செட் நண்பர்கள் யாரும் கூப்பிடாமலே வந்தார்கள். தெரு முனை முதல் வாய்க்கால் பாலம் வரை ஸ்பீக்கர் கட்டிவிட்டு, என்ன பாட்டுப் போடலாம் என்று அம்மாவிடம் வந்து நின்றார்கள். "கட்டுனது கட்டுனபடி இருக்கட்டும்ப்பா. பாட்டு எதுவும் வேணாம். அவரு காது ஓயட்டும்" என்றார் அம்மா. அவர்களும் அப்படியே செய்தார்கள். அவர்களுக்கு எங்கள் நன்றி.

ஆஸ்பத்திரிக்கு எந்த நேரத்திலும் கார் ஓட்டி வந்த எதிர்வீட்டு அண்ணனுக்கும், வீட்டுக்கே வந்து ஊசி போட்ட செவிலியர் சகோதரிக்கும், சிங்கப்பூரிலிருந்து பேசி ஆறுதல் சொன்ன பாய் வீட்டுப் பிள்ளைகளுக்கும், காரியங்களை எடுத்துச் செய்த பங்காளிகளுக்கும், என் பள்ளியின் சக ஆசிரியர்களுக்கும் குடும்பத்தின் சார்பில் நன்றி சொல்கிறேன். யார் பெயரையாவது விட்டிருந்தால் எங்கள் களைப்பை நினைத்துப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நினைவு நாளன்று அவசியம் வாருங்கள். சாப்பிட்டு முடித்ததும் உடனே கிளம்பிவிடாமல் அம்மாவோடு சிறிது நேரம் உட்காருங்கள். அப்பாவைப் பற்றி அம்மா சொல்லி ஓய்ந்துவிட்டார். அம்மாவுக்குப் பிடித்த பாட்டு எது என்று கேளுங்கள். இந்த வீட்டில் இதுவரை அதை யாரும் கேட்டதில்லை.