எடை மேடையில் இரண்டு கம்ப்யூட்டர்கள்

என் அண்ணி பத்தொன்பது வருடங்களாக லாரிகளை எடைபோட்டுக்கொண்டிருக்கிறார். ஆட்களை எடைபோடுவதிலும் கெட்டிதான். அதற்கு மட்டும் சம்பளம் கிடையாது.

அவர் வேலை பார்ப்பது ஒரு பழைய இரும்புக் கிடங்கில். உடைத்த கார்களும் துருப்பிடித்த குழாய்களும் அங்கே மலைமலையாகக் கிடக்கும். அவற்றை லாரிகளில் ஏற்றி, நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் உருக்காலைக்கு அனுப்புவார்கள். கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு லாரி முழுதாக ஏறி நிற்கும் எடை மேடை. அதை ஒட்டி, இரண்டு பேர் உட்கார்ந்தால் மூன்றாமவர் நின்றுகொண்டே பேசவேண்டிய ஓர் அறை. மேஜையில் சிவப்பு எண்கள் ஒளிரும் சின்னப் பெட்டி. மேடையில் நிற்கும் வண்டியின் எடையை அதுதான் காட்டும். பெட்டியிலிருந்து ஒரு கேபிள் கம்ப்யூட்டருக்குப் போகும். அதில் ஒரு பட்டனை அமுக்கினால் எடைச் சீட்டு அச்சாகி வரும். சீட்டு இல்லாமல் எந்த வண்டிக்கும் கேட் திறக்காது.

அண்ணிக்கு ஒரு பழக்கம். பட்டனை அமுக்குவதற்கு முன்னால், கம்ப்யூட்டர் பக்கம் திரும்பாமல், சிவப்பு எண்ணைப் பார்த்து ஒரு நோட்டில் எழுதிக்கொள்வார். அப்புறம்தான் சீட்டு. யாரும் எழுதச் சொல்லவில்லை. அலமாரி நிறைய அந்த நோட்டுகள் சேர்ந்துவிட்டன. கிடங்கில் எடை பற்றிப் பேச்சு வந்தால், "நோட்டுல என்ன இருக்கு?" என்பதோடு முடிந்துவிடும். அதில் அண்ணிக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இருந்தால் என்ன, அவரவருக்கு ஏதாவது ஒன்று வேண்டுமே.

நான் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்ப்பவன். வீட்டில் எனக்கு இருக்கிற கெட்ட பெயர், லினக்ஸ் பைத்தியம். கம்ப்யூட்டரை இயக்குகிற, யாருக்கும் சொந்தமில்லாத, எல்லோருக்கும் திறந்து வைத்த சிஸ்டம் அது என்று சாப்பாட்டு மேஜையில் ஆரம்பித்தாலே அண்ணன் எழுந்து கை கழுவப் போய்விடுவார். அண்ணி உட்கார்ந்து கேட்பார், ஆனால் நம்பமாட்டார்.

"இவ்வளவு கஷ்டப்பட்டு செஞ்சதை எதுக்கு தம்பி ஊருக்கெல்லாம் சும்மா குடுக்கறாங்க? ஏதோ உள்குத்து இருக்கு."

பத்து வருடம் பதில் சொல்லிப் பார்த்துவிட்டு நானும் விட்டுவிட்டேன். அண்ணியின் எடை அறையில் இருந்தது விலைக்கு வாங்குகிற சிஸ்டம். அதன் மேல், ஒரு கம்பெனி செய்து கொடுத்த எடை புரோகிராம். இரண்டுமே பூட்டிய பெட்டிகள். உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டால், கேட்டவனைத்தான் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

அந்த சிஸ்டம் அவ்வப்போது, தன்னைப் புதுப்பித்துக்கொள்ளட்டுமா என்று கேட்கும். அண்ணி 'பிறகு' என்பதை அமுக்குவார். வேலைக்கு நடுவில் வேறென்ன செய்வது? இப்படியே பல வாரம் ஓடியது. ஒரு நாள் காலை அது கேட்கவில்லை. மேடையில் லோடோடு ஒரு லாரி நிற்கும்போதே தானாக அணைந்தது. 'பொறுத்திருக்கவும், அணைக்க வேண்டாம்' என்று எழுதிக்காட்டிவிட்டு இருபத்தைந்து நிமிஷம் சுற்றியது. பணம் கொடுத்து வாங்கிய பொருள், எஜமான் மாதிரி காத்திருக்கச் சொல்வதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. பின்னால் ஒன்பது வண்டிகள். ஹாரன் காதைக் கிழித்தது.

மேடையில் நின்றது ஆமையின் லாரி. நாற்பதைத் தாண்டி ஓட்டமாட்டார் என்பதால் மற்ற டிரைவர்கள் வைத்த பெயர். ஐம்பது வயது, அதிகம் பேசாதவர். கம்ப்யூட்டர் உயிர் பெற்றதும் அண்ணி சீட்டு போட்டுக் கொடுத்தார்: 24,380 கிலோ. உருக்காலையில் போய் எடைபோட்டபோது 23,540. எண்ணூற்று நாற்பது கிலோ இரும்பைக் காணோம்.

சாயங்காலமே மேனேஜர் எடை அறைக்கு வந்து நோட்டைக் கேட்டார். நோட்டிலும் 24,380. அதற்கு மேல் பேச்சே இல்லை. வழியில் விற்றுவிட்டார் என்று முடிவாகி, ஆமையிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டார்கள். இருபத்தாறு வருடம் ஓட்டிய மனிதர். போலீசுக்குப் போகாததைப் பெரிய தயவாக வேறு சொன்னார்கள்.

பத்து நாள் கழித்து அண்ணி என் கடைக்கு வந்தார். அதற்கு முன் அவர் அங்கே வந்ததே இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

"தம்பி, அந்த கேபிள்ல உண்மையிலேயே என்ன வருதுன்னு உங்க சும்மா சாமானை வெச்சுப் பாக்க முடியுமா?"

புரோகிராம் கம்பெனியைக் கேட்டாராம். எங்கள் புரோகிராம் தப்புப் பண்ணாது என்றார்களாம். திறந்து காட்டுங்கள் என்றதற்கு, அது கம்பெனி ரகசியமாம். எனக்கு உள்ளூரக் குஷி. பத்து வருடப் பிரசங்கம் பலித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். அண்ணியின் முகத்தை அன்று சரியாகப் பார்த்திருந்தால் அப்படி நினைத்திருக்கமாட்டேன்.

கடையில் ஒருவர் வேண்டாம் என்று விட்டுப்போன பழைய கம்ப்யூட்டர் கிடந்தது. விலைக்கு வாங்கும் புதிய சிஸ்டங்கள் அதைக் கிழம் என்று ஒதுக்கிவிட்டன. லினக்ஸ் அதில் ஏறி உட்கார்ந்து, ஒரு குறையும் சொல்லாமல் ஓடியது. மேனேஜரிடம் அனுமதி வாங்கி, கேபிளை இரண்டாகப் பிரித்து, ஒன்றைப் பழைய இடத்திலேயே விட்டு, மற்றொன்றை இதில் செருகினேன். ஒரே ஒரு வரி கட்டளை. திரையில் எண்கள் கொட்டத் தொடங்கின. மேடையில் ஒரு நாய் ஏறி இறங்கியதுகூடத் தெரிந்தது.

அண்ணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "இவ்வளவு வருஷமா இது பேசிக்கிட்டேதான் இருந்துச்சா?"

அதே மாதிரிப் பெட்டிக்கு, எங்கோ ஒரு கோழிப்பண்ணையில் எடைபோடும் ஒருவர் புரோகிராம் எழுதி எல்லோரும் எடுத்துக்கொள்ள வைத்திருந்தார். திறந்து பார்த்து, இரண்டு இடம் திருத்தி, ஒவ்வோர் எடையையும் நேரத்தோடு பதிவு செய்கிற மாதிரி ஆக்கினேன். யார் காலிலும் விழவேண்டியிருக்கவில்லை. எல்லாம் சுலபமாக முடிந்தது என்று அளக்கவும் மாட்டேன். அந்த பிரிண்டர் லினக்ஸோடு சமாதானம் ஆக மூன்று நாள் பிடித்தது. இரண்டாம் நாள் நானே அதைத் தூக்கி மேடையில் வைத்து, லாரி ஏற்றலாமா என்று யோசித்தேன்.

இரண்டு கம்ப்யூட்டர்களும் மூன்று வாரம் பக்கத்துப் பக்கத்தில் ஓடின. ஒரு கிலோகூட வித்தியாசம் இல்லை. நான் சோர்ந்துவிட்டேன். அண்ணி சோரவில்லை. எதற்காகக் காத்திருக்கிறோம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நான்காவது வாரம், அறையில் முதலிலிருந்தே இருந்த பழைய கம்ப்யூட்டர் மறுபடி கேட்டது: இப்போது புதுப்பிக்கட்டுமா? அண்ணி 'பிறகு' என்று அமுக்கிவிட்டு, மேனேஜரையும் கம்பெனிக்காரரையும் மறுநாள் காலை வரச்சொன்னார்.

அறையில் நான்கு பேர். இரண்டு பேர் நின்றோம். முதல் லாரிக்குச் சீட்டு போட்டார்: 22,160. இரண்டாவது லாரி ஏறி நின்றதும், தானே 'இப்போது' என்பதை அமுக்கினார். பழைய கம்ப்யூட்டர் அணைந்து, சுற்றி, எழுந்தது. எடை புரோகிராம் திறந்தது. திரையில் 22,160.

சிவப்புப் பெட்டியில் 25,700. லினக்ஸ் திரையிலும் 25,700.

நடந்தது இதுதான். திடீரென்று அணைத்து எழுப்பினால், அந்தப் புரோகிராமுக்கும் கேபிளுக்கும் தொடர்பு அறுந்துபோகும். அறுந்ததைச் சொல்லாமல், கடைசியாகப் போட்ட சீட்டின் எடையை எடுத்துப் புது எடைபோலக் காட்டும். மூடித் திறந்தால் சரியாகிவிடும். ஆமைக்கு முன்னால் போன வண்டியின் எடைதான் 24,380. கம்பெனிக்காரர் கழுத்து டையைத் தளர்த்திக்கொண்டு, அடுத்த பதிப்பில் சரிசெய்துவிடுவார்கள் என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் மேனேஜர் நோட்டுக்குப் போய்விட்டார்.

"சரிம்மா. கம்ப்யூட்டர் தப்பு. அப்ப நோட்டுல எப்படி அதே எண் வந்துச்சு? நீங்க பெட்டியைப் பாத்துத்தானே எழுதுவீங்க?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்தேதான் அண்ணி எல்லோரையும் கூட்டியிருக்கிறார்.

"அன்னைக்கு ஒரே ஹாரன். பெட்டியைப் பாக்கல. ஸ்க்ரீனைப் பாத்து எழுதிட்டேன். அடுத்த வண்டி ஏறினப்போ ஸ்க்ரீன் நகரல. மூடித் திறந்தேன், சரியாயிடுச்சு. அப்பவே எனக்குச் சந்தேகம். நோட்டைக் கேட்டு வந்தீங்களே, அப்ப சொல்லியிருக்கணும். சொல்லல. பத்தொன்பது வருஷ நோட்டு பொய்யாயிடுமேன்னு பாத்தேன்."

மேனேஜர் வெளியே போனார். அண்ணியை வேலையை விட்டு அனுப்பவில்லை. வேறு ஆள் தேடச் சோம்பல் என்று நினைக்கிறேன். பழைய கம்ப்யூட்டரை எடுத்துவிட்டார்கள். இப்போது அங்கே லினக்ஸ்தான். அது எப்போது புதுப்பிக்கவேண்டும் என்பதை அண்ணி முடிவு செய்கிறார்: விடுமுறைக்கு முந்தின நாள், கடைசி வண்டி போன பிறகு. எனக்கு இதில் ஜெயித்த சந்தோஷம் வரவேண்டும். வரவில்லை. சிஸ்டம் எவ்வளவு திறந்திருந்தாலும், பார்த்து எழுதுகிறவர் ஒரு தடவை பார்க்காமல் இருந்துவிடலாம்.

ஆமையைக் கூப்பிட்டுச் சாவியைக் கொடுத்தார்கள். அதற்குள் நாற்பத்திரண்டு நாள் போயிருந்தது. முதல் லோடோடு வந்தபோது நான் பிரிண்டருக்காக அங்கே இருந்தேன். மேடையில் வண்டியை நிறுத்தி, இறங்கி, ஜன்னலுக்கு வந்தார். அண்ணி எழுந்து நின்று, தப்பு தன்னுடையது என்றார். ஆமை கோபப்பட்டிருந்தால் தேவலை.

"என்மேல தப்பில்லைன்னு மேனேஜர்கிட்ட அடிச்சுச் சொன்னேம்மா. உங்க நோட்டுலயும் அதே எண் இருக்குன்னதும் வாயை மூடிட்டேன். நான்தான் சரியாக் கட்டலையோ, வழியில விழுந்துடுச்சோன்னு நெனச்சு, நாலு நாள் சைக்கிள்ல போய் ரோட்டோரமெல்லாம் தேடினேன்."

அண்ணி உட்கார்ந்துவிட்டார். பிறகு சிவப்புப் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்து, எண்கள் ஜன்னலுக்கு வெளியே தெரிகிற மாதிரி திருப்பி வைத்தார். ஆமை சட்டைப் பையிலிருந்து ஒரு புது நோட்டையும் பேனாவையும் எடுத்தார். பெட்டியைப் பார்த்தார், எழுதினார், மறுபடி பெட்டியைப் பார்த்துச் சரிபார்த்தார். பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவர் எழுதி முடிக்கும்வரை அண்ணி பட்டனில் கை வைக்கவில்லை.