கெட்டுப்போன பேரில் தேடுங்கள்

கொமினிகேஷன் கடையில் வேலை என்றால் போட்டோகொப்பி அடிப்பது என்று நினைக்கிறீர்கள். இல்லை, தேடுவது. சொந்த ஃபைலை எங்கே போட்டோம் என்று தெரியாமல் கொம்பியூட்டர் முன்னால் தலையில் அடித்துக்கொண்டவர்களுக்கு என் பாடு விளங்கும்.

நியூ ஃபோல்டர்

ஓ.எல். பரீட்சை எழுதியதும் படிப்பு போதும் என்று புளத்கொகுபிட்டிய டவுனில் முதலாளி நானாவின் கடைக்கு வேலைக்கு வந்துவிட்டேன். எனக்கு முன்பு இருந்த சிங்களப் பொடியன் ஒரு 'நியூ ஃபோல்டர்', அதற்குள் இன்னொரு 'நியூ ஃபோல்டர்' என்று குப்பையாக வைத்துவிட்டுப் போயிருந்தான். முதல் நாளே ஒரு அண்ணன் தன் போட்டோவைக் கேட்டார். என்ன பேரில் இருக்கிறது என்றேன்.

"பேரெல்லாம் தெரியாது தங்கச்சி. நீலச் சட்டை போட்டிருந்தேன், அத வச்சுத் தேடுங்க."

லட்சுமி இல்லை

ஒரு சாயங்காலம் விஜயலட்சுமி அக்கா ரப்பர் தோட்டத்திலிருந்து நனைந்துகொண்டு வந்தார். லயத்து வீட்டுக் கூரை ஒழுகி ஏ.எல். சர்டிபிகேட் கூழாகிவிட்டதாம். மறுநாள் முன்பள்ளி டீச்சர் வேலைக்கு இன்டர்வியூ. கொப்பியாவது இல்லாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள். போன வருஷம் எங்கள் கடையில் ஸ்கேன் பண்ணியிருந்தார்.

இங்கிலீஷில் விஜயலட்சுமி என்று அடித்தேன். இல்லை. ஓரிரண்டு எழுத்தை மாற்றி அடித்தேன். இல்லை. 'ஸ்கேன்' என்று அடித்தால் திரை முழுக்க ஸ்கேன். நானா சாவியை ஆட்டிக்கொண்டு நின்றார்.

"உடு புள்ள, அந்தப் பொடியன் ஒழுங்கா வச்சிருந்தாத்தானே கெடைக்கும்? ஷட்டர இழு."

புவனச்சேரி பஸ்

அக்கா கதிரையை விட்டு எழும்பவேயில்லை. எனக்கு எரிச்சல், அக்கா மேல் இல்லை, அந்தப் பொடியன் மேல். தமிழ் தெரியாதவன் பேரை எதைப் பார்த்து அடித்திருப்பான்?

என் பேர் புவனேஸ்வரி. பிறப்புப் பத்திரம் எழுதியவர் காதில் விழுந்தபடி இங்கிலீஷில் 'புவனச்சேரி' ஆக்கிவிட்டார். "புவனச்சேரிக்கு எத்தன மணிக்கு பஸ்?" என்று கேட்டே பள்ளிக்கூடத்தில் உயிரை வாங்கினார்கள்.

அக்காவின் ஐடென்டிட்டி கார்டை வாங்கிப் பார்த்தேன். அதில் இங்கிலீஷில் 'விஜேலெச்சிமி'. எழுத்து பிசகாமல் அப்படியே அடித்தேன். சர்டிபிகேட் வந்து நின்றது! பீற்றிக்கொள்கிறேன் என்றால், ஆமாம், பீற்றிக்கொள்கிறேன்தான். நானா சாவியைப் பைக்குள் போட்டுவிட்டுத் தானே பிரின்டரைப் போட்டார். சூடாக வந்த தாளை அக்கா நெஞ்சோடு பிடித்துக்கொண்டார்.

"என் பேர நாசமாக்குன மனுசன் நல்லா இருக்கட்டும், புவனா!"

அக்கா இப்போது டீச்சர். நல்ல பேர் எடுக்கச் சொல்லி வீட்டில் என்னைக் கடைக்கு அனுப்பினார்கள், நான் ஊரார் கெடுத்த பேர்களை வைத்தே அதை எடுத்துவிட்டேன்.