பல்லி பேசிய காதல் நாவல்

காதல் கதையில் பல்லி பேசலாமா கூடாதா என்பதில்தான் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் முதல் சண்டை. அப்போது அவர் என் வீட்டுக்காரர் இல்லை. தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் வாடகைக்குப் புத்தகம் கொடுக்கும் கடை வைத்திருந்தார். நான் பாப்பாரப்பட்டியிலிருந்து டைப்ரைட்டிங் வகுப்புக்கு டவுன் பஸ்ஸில் வந்துபோகிறவள். எண்பதுகளில் எங்கள் பக்கத்து வீடுகளில், வயசுப் பெண் தனியாக பஸ் ஏறுவதற்கு டைப்ரைட்டிங்கை விட்டால் வேறு சாக்கு கிடையாது. அந்தச் சாக்கில் நான் உருப்படியாகச் செய்த வேலை, மாத நாவல் படித்ததுதான்.

சண்டைக்குக் காரணமான நாவலுக்கு அட்டை இல்லை. யாரோ கிழித்துக்கொண்டு போய்விட்டார்கள். ஒரு பால் சங்க ஆபீசில் எதிரெதிர் மேசையில் ஒருவனும் ஒருத்தியும். பார்த்தாலே எரிந்து விழுவார்கள். அவன் பொய் சொல்லும்போதெல்லாம் சுவரில் இருக்கும் பல்லி வாயைத் திறந்து உண்மையைப் போட்டு உடைத்துவிடும். "உன் மூக்கு சப்பைன்னு சொன்னானே, நம்பாதே. நேத்து முழுக்க அந்த மூக்கைத்தான் வரைஞ்சுட்டு இருந்தான்" என்று தெளிவான தமிழில் சொல்லும். ஆபீசில் ஒருவருக்கும் இதில் ஆச்சரியம் இல்லை. வேலை நேரத்தில் வம்பு பேசாதே என்று மேனேஜர் மட்டும் பல்லியை அதட்டுவார். கடைசியில் பல்லியே அவளுடைய வீட்டுக்குப் போய், அவள் அப்பாவிடம் அவனுக்காகப் பெண் கேட்கும். அவர் சிரித்துக்கொண்டே சரி என்பார். கல்யாணம். முற்றும்.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தபோது அவர்தான் ஆரம்பித்தார்.

"கதை நல்லாத்தாங்க போவுது. நடுவுல பல்லி எதுக்குங்க பேசுது? காதல்னா காதலா இருக்கணும், மாயம்னா மாயமா இருக்கணும். ரெண்டையும் கலந்தா எப்படிங்க நம்பறது?"

"பல்லி பேசறது எனக்குப் பெருசாத் தெரியலீங்க. எங்க வூட்டுல அது பேசாம ஒரு காரியமும் நடக்காது. பொண்ணோட அப்பா சிரிச்சுக்கிட்டே சரின்னு சொன்னாரு பாருங்க, அதைத்தான் என்னால நம்ப முடியல."

அவர் சிரித்த சிரிப்பில் மேசை மேல் இருந்த புத்தக அடுக்கு சரிந்தது. அடுத்த வாரம் போனால், கதாநாயகிக்குக் கோபம் வந்தால் ஊரே மழையில் நனையும் ஒரு நாவலை எனக்கென்று எடுத்து வைத்திருந்தார். அதை ஏற்கெனவே படித்திருந்த ஒரு அக்கா பக்கத்தில் நின்றிருந்தார். மழை பெய்ததில் அவருக்கு ஆட்சேபணை இல்லை. கொடியில் துணி காயப்போட்டவர்கள் கதி என்ன ஆயிற்று என்று எழுதாமல் விட்டதில்தான் வருத்தம். இந்த மாதிரிக் கதைகளுக்கு மாய யதார்த்தம் என்று ஒரு பெயர் இருப்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரியும். தெரிந்தபோது, இதற்கெல்லாமா பெயர் வைப்பார்கள் என்று இருந்தது.

பல்லியைப் பற்றி நான் சொன்னது வேடிக்கைக்கு இல்லை. என் அப்பா புளி வியாபாரி. பல்லி நல்ல திசையில் சத்தம் போடாமல் ஒரு மூட்டை புளி வாங்க மாட்டார். எந்தக் கிழமை எந்தத் திசையில் சொன்னால் என்ன பலன் என்று பஞ்சாங்கத்தில் போட்டிருக்கும் பக்கம், அவர் விரல் பட்டுப் பட்டே பழுப்பாகிவிட்டது. சத்தம் கேட்டதும் தரையைத் தட்டி, "கிருஷ்ணா, கிருஷ்ணா" என்று பதில் சொல்வார். எனக்கு முதலில் வந்த வரனுக்குப் பல்லி தெற்கே சொன்னது. அடுத்து வந்த வரனுக்கு வாயே திறக்கவில்லை. இரண்டு தடவையும் அப்பா, "நாளைக்குச் சொல்லி அனுப்பறோங்க" என்றார். எங்கள் ஊரில் அதற்கு அர்த்தம், அனுப்ப மாட்டோம் என்பதுதான். அந்த இரண்டு தடவையும் எனக்குப் பரம சந்தோஷம்.

மூன்றாவது வரன் அந்தப் புத்தகக் கடையிலிருந்தே வந்தது. ஒருநாள் புத்தகத்தில் தேதி எழுதிக்கொண்டே, தலை நிமிராமல் அவர் கேட்டார்.

"எங்க வூட்டுல இருந்து வந்து பொண்ணு கேக்கச் சொல்லட்டுங்களா?"

"சொல்லுங்க. ஆனா எங்கப்பா சரின்னாலும் பல்லி சரின்னு சொல்லணும்."

நான் விளையாடுகிறேன் என்று நினைத்துக்கொண்டார். நானோ வீடு வந்து சேரும்வரை பஸ்ஸில் ஊரில் உள்ள சாமிகளை எல்லாம் கூப்பிட்டேன். எனக்கு அவரைத்தான் கட்டிக்கொள்ள வேண்டும். அதை அப்பாவிடம் சொல்லுகிற தைரியம் எந்த நாவலும் எனக்குக் கொடுத்திருக்கவில்லை.

விசாரித்ததில் முறை ஒத்து வந்தது. ஜாதகமும் பொருந்தியது. பெண் பார்க்க வரும் நாளும் குறித்தாகிவிட்டது. அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முந்தின நாள் ஆள் வைத்து நடுவீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தாள். காலண்டர், கடிகாரம், சாமி படம் எல்லாவற்றையும் கழற்றித் துடைத்தாள். படத்துக்குப் பின்னால் குடியிருந்த பல்லிகளைத் துடைப்பத்தால் விரட்டி விரட்டி வாசலுக்கு அனுப்பினாள். வீடு பளபளவென்று ஆனது. நாங்கள் செய்திருந்த காரியம் எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை.

மறுநாள் மத்தியானம் அவரும் அவர் வீட்டாரும் வந்து உட்கார்ந்து, கேசரி சாப்பிட்டு, மழை இல்லாததைப் பேசி முடித்தார்கள். பிறகு அப்பா வழக்கம்போல் பேச்சை நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்த்தார். அப்பா பார்க்கிறாரே என்று வந்தவர்களும் பார்த்தார்கள். சுவர் பால் போல் இருந்தது. சுண்ணாம்பு வாசனையைத் தவிர அதில் ஒன்றும் இல்லை. சமையலறை வாசலில் அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். அவளுக்கு அப்போதுதான் உறைத்திருந்தது.

நேரம் போய்க்கொண்டே இருந்தது. மாப்பிள்ளையின் அம்மா மெதுவாக வாயைத் திறந்தார்.

"ராகுகாலம் வரப் போவுதுங்க. அதுக்குள்ள ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா தட்டு மாத்திக்கலாம்."

அப்பா தொண்டையைச் செருமினார். நாளைக்குச் சொல்லி அனுப்பறோங்க என்று அவர் வாய் குவிவது எனக்குத் தெரிந்துவிட்டது. காபித் தட்டோடு நான் ஒரு எட்டு முன்னால் வந்துவிட்டேன். டம்ளர்கள் கிணுகிணு என்று ஒன்றோடொன்று மோதின. அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் நான் அழுததே இல்லை. அன்றைக்குக் கண்ணில் தண்ணீர் நிற்காமல் வந்தது. அப்பா என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயைத் துடைப்பதுபோல் மூடிக்கொண்டார்.

"ச்சு, ச்சு, ச்சு."

துண்டுக்கு மேலே அப்பாவின் கன்னம் அசைந்தது நான் நின்ற இடத்திலிருந்து நன்றாகத் தெரிந்தது. உடனே குனிந்து தரையைத் தட்டினார்.

"கிருஷ்ணா, கிருஷ்ணா. வடக்குச் சுவத்துல சொல்லுதுங்க. நல்ல வாக்கு. தட்டை எடுங்க."

"ஆமாங்க, எனக்கும் கேட்டுச்சு" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. எல்லோரும் வெள்ளை வெளேரென்ற வடக்குச் சுவரை மரியாதையோடு பார்த்தார்கள். அப்பாவின் காது மட்டும் சிவந்திருந்தது. அம்மா தட்டை எடுக்க உள்ளே ஓடினாள்.

கல்யாணமான புதிதில் ஒருநாள் கடையைப் பூட்டிக்கொண்டிருந்தபோது அவர் கேட்டார்.

"அன்னிக்கு நானும் தேடித் தேடிப் பாத்தேன். அந்தப் பல்லி எங்கதான் இருந்துச்சு?"

சொன்னேன். வீட்டுக்கு நடந்து வரும்போது பாதி வழியில், "அந்த நாவலைப் பத்தி நான் சொன்னது தப்புங்க" என்றார். எனக்கு அவர் மேல் அப்படியொரு பிரியம் வந்தது.

அப்பா அதற்குப் பிறகும் பல்லியை நம்புவதை விடவில்லை. சுண்ணாம்பு மங்கி, பல்லிகள் திரும்பி வந்து, புளி வியாபாரம் பழையபடி நடந்தது. ஊருக்குப் போயிருந்தபோது ஒரு தடவை கடிகாரத்துக்குப் பின்னால் பல்லி சத்தம் போட்டது. அவர் தரையைத் தட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இது நெசப் பல்லி, கண்ணு" என்றார்.