கல்லுக்கு மேலே நீ

எங்கள் ஊருக்கு ஏறி வரும் பாதையில் நான்காவது வளைவு திரும்பியதும் இடுப்புயரத்துக்கு ஒரு வெள்ளைக் கல் நிற்கும். கடல் மட்டத்துக்கு ஆயிரம் மீட்டர் மேலே வந்துவிட்டோம் என்பதற்கு அது அடையாளம். அந்தக் கல்லைத் தாண்டிவிட்டால் யாரும் யாரையும் 'நீங்க' என்று சொல்லக் கூடாது. கீழே ஒருவன் நீதிபதியாக இருக்கலாம், தொழிற்சாலைக்கு முதலாளியாக இருக்கலாம். மேலே வந்தால் வெறும் 'நீ'. பனி சரிந்து வரும்போது 'ஐயா, கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்' என்று மரியாதை பார்த்துக்கொண்டிருந்தால் இரண்டு பேரும் புதைந்துபோவார்கள், அதனால் வந்த வழக்கம் என்று எங்கள் அப்பா சொல்வார். அது மெய்யோ பொய்யோ, நாங்கள் அப்படித்தான் வளர்ந்தோம். பிஷப் வந்தபோதும் என் தம்பி கஸியான் "நீ சாப்பிட்டியா?" என்றுதான் கேட்டான். அவரும் சிரித்துக்கொண்டு "இன்னும் இல்லடா" என்றார்.

ஒவ்வொரு வருஷமும் மாடுகள் மேய்ச்சல் மலையிலிருந்து இறங்கிய பிறகு அந்தக் கல்லுக்குச் சுண்ணாம்பு அடிப்பவன் கஸியான்தான். அவனை யாரும் அடிக்கச் சொல்லவில்லை. பனிக்காலத்து விருந்தாளிகள் வருவதற்குள் கல் பளிச்சென்று இருக்க வேண்டும் அவனுக்கு.

கோடையில் அவன் மாட்டுக்காரன், பனிக்காலத்தில் பனிச்சறுக்கு வாத்தியார். எங்கள் வீட்டின் மாடி அறைகளை விருந்தாளிகளுக்கு விட்டுவிட்டு நானும் அவனும் அடுக்களைக்குப் பக்கத்து அறையில் முடங்கிக்கொள்வோம். சமையல் என்னுடையது, மலை அவனுடையது. அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. எனக்கும் ஆகவில்லை. அது வேறு கதை, இங்கே வேண்டாம்.

ஹார்ட்விக் என்ற எலும்பு டாக்டர் முதலில் எங்கள் வீட்டுக்கு வந்தவனில்லை. வடக்கே எல்லைக்கு அப்பால் ஹனோவரிலிருந்து பெண்டாட்டி சில்கேயைக் கூட்டிக்கொண்டு, கீழே பள்ளத்தாக்கில் புதிதாகக் கட்டிய பெரிய ஓட்டலுக்குக் கிறிஸ்துமஸ் வாரத்தில் வந்தவன். எங்கள் ஊரில் மலைச்சரிவுக்கு ஏற்றிவிடும் லிஃப்ட் வரிசையில் நின்று நின்று கடுப்பாகி, வாடகைக்கு எடுத்த பூட்ஸைக் கழற்றிப் பனியில் வீசிக்கொண்டிருந்தான். கஸியான் அந்தப் பூட்ஸை எடுத்துக்கொண்டு போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"உன் கால் இதுக்குள்ள நீச்சல் அடிக்குது. நேரா நின்னா கட்டைவிரல் முன்னால முட்டணும், முட்டிய மடக்கினா விலகணும். கடைக்காரன் உன் கால பாக்கல, வரிசைய பாத்திருக்கான்."

"ஊரே சரியில்லப்பா. தப்பான ஊர தேர்ந்தெடுத்துட்டேன்."

"ஊரு நல்ல ஊருதான். வாரம்தான் தப்பு. கிறிஸ்துமஸுக்கு உலகமே இங்க நிக்கும். ஜனவரி பாதிக்கு மேல வா. குளிரு கடிக்கும், ஆனா பனி மாவு மாதிரி இருக்கும், லிஃப்ட்ல உனக்கு முன்னால காக்காதான் நிக்கும். குளிரு பிடிக்காதுன்னா மார்ச்ல வா, வெயில் காயலாம்."

மறு வருஷம் ஜனவரியில் ஹார்ட்விக் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றான். அதற்குப் பிறகு எல்லாப் பனிக்காலமும் இரண்டு தடவை வந்தான். பால்கனி வைத்த தெற்கு அறை அவனுடையது என்று ஆகிவிட்டது. கல் வந்ததும் காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, "இனிமே நீ!" என்று கத்துவான். திரும்பிப் போகும்போது சில்கே கத்துவாள்: "இனிமே நீங்க!" கத்திவிட்டு இருவரும் சிரித்துக்கொண்டே இறங்குவார்கள். அது வெறும் விளையாட்டு என்றுதான் நாங்களும் நினைத்தோம்.

நன்றாக இருந்த நாட்களை இல்லை என்று சொல்ல மாட்டேன். வெயில் எந்தச் சரிவில் எப்போது விழும் என்று பார்த்துப் பார்த்து அவனைக் கூட்டிக்கொண்டு போவான் கஸியான். மார்ச் காலையில் கிழக்குச் சரிவின் மேல் பனி இளகும் நேரம் ஒன்று உண்டு. மத்தில் வெண்ணெய் திரள்வதற்குச் சற்று முன்னால் மோரில் குறுணை குறுணையாக வருமே, பனி அப்படி இருக்கும். அதன் மேல் சறுக்கினால் சத்தமே கேட்காது. இறங்கி வந்து என் அடுக்களையில் உட்கார்ந்து, வாற்கோதுமை சூப்பும் ரொட்டி உருண்டையும் தின்றுவிட்டு, "பூர்கா, நான் செத்தா இந்த பெஞ்சுலதான் சாகணும்" என்று என்னைப் பார்த்துச் சொல்வான் ஹார்ட்விக். "செத்தா பெஞ்ச யாரு தொடைக்கிறது? வெளிய போய் சாவு" என்பேன். வேர்ச்சாராயத்தை ஊற்றிக்கொண்டு எல்லோரும் சிரிப்போம்.

ஒரு வருஷம் மார்ச்சில் ஒரு மத்தியானம் பனி கஞ்சியாகக் குழைந்துவிட்டது. போதும், இறங்கலாம் என்றான் கஸியான். ஹார்ட்விக் கேட்கவில்லை.

"இன்னும் ஒண்ணு போலாம்டா கஸி. நாளைக்கு ஊருக்குப் போறேன், பாவம் பாரு."

"பனி கால பிடிச்சு இழுக்கும். வேணாம்."

"வயசாயிடுச்சா உனக்கு?"

அந்தக் கிண்டலுக்காகத்தான் போனான். பாதி வழியில் ஹார்ட்விக்கின் சறுக்குக் கட்டை மாட்டி, அவன் பந்து மாதிரி உருண்டு வந்தான். கீழே பாறை. கஸியான் குறுக்கே போய் நின்றான். ஹார்ட்விக் அவன் முழங்காலில் வந்து மோதி நின்றான். டாக்டருக்கு ஒரு கீறல் இல்லை.

பனியிலேயே மண்டியிட்டு, ஹார்ட்விக் அந்த முழங்காலைத் தடவிப் பார்த்துச் சொன்னானாம். வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்த பிறகும் அதையேதான் சொன்னான், என் முன்னால் சொன்னான்:

"உள்ள அறுந்திருக்கு. இந்தப் பள்ளத்தாக்கு கசாப்புக்காரங்க கையில கால குடுத்துடாத. வீக்கம் வத்தட்டும். நேரா என்கிட்ட வா. நானே தைக்கிறேன். இந்தக் காலு என் பொறுப்புடா கஸி."

கஸியான் காத்திருந்தான். வீக்கம் வற்றியது, மாடு கன்று போட்டது, ஈஸ்டர் கழிந்தது. காலில் துணி சுற்றிக்கொண்டு, புகை போட்ட பன்றி இறைச்சியில் நல்ல துண்டாக ஒன்றும், ஒரு பாட்டில் வேர்ச்சாராயமும் எடுத்து வைத்தான்.

"போன் பண்ணிட்டு போடா" என்றேன்.

"வான்னு சொன்னவன்கிட்ட வரட்டுமான்னு கேட்டா, அவன் வார்த்தைய நம்பலன்னு ஆயிடும் அக்கா."

அதுவரை அவன் மலையை விட்டு அவ்வளவு தூரம் போனதில்லை. மூன்று ரயில் மாறி, பலகை மாதிரி தட்டையாகக் கிடக்கும் அந்த ஊரில் இறங்கி, ஆஸ்பத்திரியைத் தேடிப் பிடித்திருக்கிறான். நீளமான தாழ்வாரத்தில் ஹார்ட்விக் வெள்ளைக் கோட்டில் வந்துகொண்டிருந்தானாம். பின்னால் வாத்துக் குஞ்சுகள் மாதிரி இளம் டாக்டர்கள்.

"ஹார்ட்விக்! நான் வந்துட்டேன்டா!" என்று கத்தியிருக்கிறான் என் தம்பி, மலைச்சரிவில் கத்துகிற குரலில்.

ஒரு பெண் டாக்டர் களுக்கென்று சிரித்தாள். ஹார்ட்விக் நின்றான். அவன் முகம் கழுவி வைத்த தட்டு மாதிரி இருந்தது என்றான் கஸியான்.

"மிஸ்டர் சீகெலே. நீங்க முன்கூட்டியே நேரம் வாங்கியிருக்கீங்களா?"

கஸியான் திரும்பிப் பார்த்தானாம், பின்னால் எங்கள் குடும்பப் பேரில் வேறு ஒரு சீகெலே நிற்கிறானா என்று.

"டேய், நீதான வரச் சொன்ன? காலு..."

"நீங்க கொஞ்சம் உக்காருங்க. உள்ள இருக்கிற அம்மா உங்களுக்கு விவரம் சொல்வாங்க."

வாத்துக் குஞ்சுகள் நகர்ந்தன. இவன் உட்கார்ந்தான். உள்ளே இருந்த அம்மாள் உங்கள் ஊர் மருத்துவக் காப்பீடு இங்கே செல்லாது, இடமும் கோடைக்குப் பிறகுதான் இருக்கிறது என்று சொன்னாள். சாயங்காலம்வரை அந்த நாற்காலியிலேயே இருந்தான், ஹார்ட்விக் வேலை முடிந்து வெளியே வந்து 'டேய்' என்பான் என்று. ஹார்ட்விக் வேறு வாசல் வழியாகப் போய்விட்டான்.

இறைச்சித் துண்டு போன மாதிரியே திரும்பி வந்தது. அதை நான் எந்த விருந்தாளிக்கும் வெட்டவில்லை. நானே உட்கார்ந்து கடைசித் துணுக்குவரை தின்றேன்.

பிறகு பள்ளத்தாக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே இருந்த டாக்டர் நல்ல மனுஷன், கசாப்புக்காரன் இல்லை. "அடிபட்ட ரெண்டு வாரத்துல வந்திருந்தா சுளுவா தச்சிருப்பேன். இப்ப உள்ள சுருங்கிப் போச்சு. நடப்பான். சறுக்க முடியாது" என்றார்.

செப்டம்பரில் போன் அடித்தது. எப்போதும்போல ஹார்ட்விக். "பூர்கா! ஜனவரிக்கு நம்ம அறைய வச்சிரு!" காலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் வாயைத் திறப்பதற்குள் கஸியான் தலையை ஆட்டினான். "வரட்டும் அக்கா."

அந்த வருஷமும் கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்தான். நொண்டிக்கொண்டே போய் அடித்துவிட்டு வந்தான்.

ஜனவரியில் ஹார்ட்விக் உள்ளே நுழைந்து, கையை விரித்துக்கொண்டு, "டேய் கஸி! எப்படிடா இருக்க?" என்றான்.

"நல்லா இருக்கேன் டாக்டர். நீங்க நல்லா இருக்கீங்களா? பயணம் சௌகரியமா இருந்துச்சா?"

ஹார்ட்விக் சிரித்தான். சில்கே சிரிக்கவில்லை. அவளுக்கு ஆஸ்பத்திரிக் கதை தெரியாது, ஆனால் ஏதோ நடந்திருக்கிறது என்று புரிந்துவிட்டது. அன்று ராத்திரிதான் என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

அந்த வாரம் முழுக்க அப்படித்தான். "உங்களுக்கு சூப் ஊத்தட்டுமா டாக்டர்?" "உங்க பூட்ஸ காய வச்சிருக்கேன்." "நாளைக்கு கிழக்கு பக்கம் போங்க, அங்க பனி நல்லா இருக்கும்." ஒரு மரியாதை குறையவில்லை, ஒரு சொல்லில் காரமில்லை. வேறு வாத்தியார் ஒருவன் ஹார்ட்விக்கை மலைக்குக் கூட்டிப் போனான். மூன்றாம் நாள் ஹார்ட்விக் கரண்டியைப் போட்டுவிட்டான்.

"போதும்டா இந்த நாடகம்! அங்க என் கீழ வேலை பாக்கிறவங்க அத்தனை பேரும் நிக்கிறாங்க. அது வேற இடம். புரிஞ்சுக்கோயேன்."

"புரியுது டாக்டர். இன்னொரு உருண்டை வைக்கட்டுமா உங்களுக்கு?"

நானும் சொல்லிப் பார்த்தேன். ராத்திரி அடுக்களையில், "விட்டுத் தள்ளுடா, அவன் சொல்லி வர்ற ஆளுங்களாலதான் பாதி அறை நிரம்புது" என்றேன். அவன் காலை ஸ்டூல் மேல் நீட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தான். பிடிவாதத்தில் அவன் என்னைப் போல. அதனால் நான் இரண்டாம் தடவை சொல்லவில்லை.

கிளம்புகிற அன்று, பெட்டியெல்லாம் ஏற்றியபின், ஹார்ட்விக் வாசலில் நின்றான். அவன் கண் கலங்கியிருந்தது, அதையும் மறைக்க மாட்டேன்.

"ஒரே ஒரு தடவ 'நீ'ன்னு சொல்லேன் கஸி. இப்படி என்னை அனுப்பாத."

கஸியான் யோசித்தான். "கல்லுக்கு அந்தப் பக்கம் வந்து சொல்றேன். கார்ல இடம் இருக்குமா டாக்டர்?"

ஹார்ட்விக்குக் குழந்தை மாதிரி சந்தோஷம். கதவைத் திறந்துவிட்டான். இந்தக் காலோடு இவன் எப்படித் திரும்பி ஏறுவான் என்று நானும் ஏறிக்கொண்டேன்.

கல்லைத் தாண்டிக் கொஞ்சம் கீழே, கஸியான் நிறுத்தச் சொல்லி இறங்கினான். ஹார்ட்விக்கும் இறங்கினான். இருவருக்கும் மூச்சு புகையாக வந்தது.

"இங்க எல்லாருமே 'நீங்க'தான?" என்றான் கஸியான்.

"ஆமா. ஆனா நமக்குள்ள என்னடா..."

"இங்க ஒருத்தன 'நீ'ன்னு சொன்னா, அவனுக்கு மரியாதை இல்லன்னு அர்த்தம். சரியா?"

ஹார்ட்விக் ஒரு அடி பின்னால் வைத்தான்.

"நீ போ" என்றான் என் தம்பி.

அவ்வளவுதான். திரும்பி நடக்க ஆரம்பித்தான். சில்கே காருக்குள் முகத்தை மூடிக்கொண்டாள். வெகுநேரம் காரின் சத்தமே கேட்கவில்லை; நாங்கள் அடுத்த வளைவைத் திரும்பிய பிறகுதான் ஹார்ட்விக் வண்டியைக் கிளப்பினான். கஸியான் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்று நின்று ஏறினான். வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அடுப்பில் வைத்த சூப் அடிப்பிடித்திருந்தது. அதைத்தான் குடித்தோம்.

ஹார்ட்விக் பிறகு வரவில்லை. அவன் சொல்லி வந்தவர்களும் வரவில்லை. மேற்கே இன்னும் உயரத்தில், பனி தவறாத ஊர் ஒன்றைப் பிடித்துக்கொண்டார்கள் என்று கேள்வி. பிடிக்கட்டும், விருந்தாளிக்கு மலைக்கா பஞ்சம். தெற்கு அறையில் இப்போது நான் படுக்கிறேன். கல்லுக்கு யாரும் சுண்ணாம்பு அடிப்பதில்லை, பாசி ஏறிவிட்டது.

கஸியானுக்குக் குழந்தைகள் சறுக்கப் பழகும் சின்ன மேட்டில், இழுவை லிஃப்டில் வேலை கொடுத்திருக்கிறார்கள். நாள் முழுக்க நின்ற இடத்திலேயே நின்று, வருகிற பிள்ளைகளின் பின்னால், மேலே இழுத்துப் போகும் கயிற்றில் தொங்கும் கட்டையைப் பிடித்து வைக்க வேண்டும். மூக்கு ஒழுகிக்கொண்டு, தலையை விடப் பெரிய ஹெல்மெட் போட்டுக்கொண்டு, ஐந்து வயசுப் பொடிசு ஒன்று "ஏய் கஸி, நீ என்னை ஏத்தி விடு!" என்று வந்து நிற்கும்.

"பாத்து ஏறுங்க. நல்லா பிடிச்சுக்கோங்க" என்பான் கஸியான்.

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். அவன் சிரிப்பதில்லை.