கேட்டவர்: அப்பா

2000, மார்ச் 4, சனி. காலை 7.10: ஒலி அட்டை கழற்றி மாட்டப்பட்டது. ஒலி இல்லை.

மாலை 5.30: ஒலி அட்டைக்கான அமைப்பில் ஓர் எண் 7இலிருந்து 5க்கு மாற்றப்பட்டது. பிழைச் செய்தி நின்றது. ஒலி இல்லை.

மார்ச் 5, ஞாயிறு. பகல் 12.20: ஒலி வந்தது. கேட்டவர்: அப்பா.

இந்த அட்டையில் இருப்பது அக்காவின் கையெழுத்து. அப்பா ஆம்பூரில் ஒரு தோல் ஆலையில் டிரம் பிரிவின் மேற்பார்வையாளர். தோல்கள் சுழலும் ஒவ்வொரு மர டிரம்முக்கும் ஓர் அட்டை உண்டு. எந்த நேரத்தில் எது சேர்க்கப்பட்டது, என்ன நிகழ்ந்தது என்பதை அதில் எழுத வேண்டும்; கண்டதை மட்டுமே எழுத வேண்டும். எங்கள் வீட்டுக் கணினியில் அக்கா கை வைக்க அனுமதி கிடைத்ததும் அப்படி ஓர் அட்டை எழுத வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில்தான்.

ஒரு பத்திரிகையோடு வந்த குறுந்தகட்டைக் கொண்டு, அவள் விண்டோஸ் இயங்குதளத்தை அழித்து லினக்ஸை நிறுவியிருந்தாள். எல்லாம் ஓடியது, ஒலியைத் தவிர. ஆராதனை முடிந்து வந்ததும் எங்கள் சபைப் பாடற்குழு பாடிய கீர்த்தனை ஒன்றை அந்தக் கணினியில் கேட்பது அப்பாவின் வழக்கம். இரண்டு ஞாயிறுகள் பொறுத்தார்.

"இன்னாம்மா, உன் பெட்டி வாயத் தொறக்குமா தொறக்காதா? வர்ற ஞாயித்துக்கெழமை பாடலைன்னா லாங் பஜார்ல மாமா கடைக்குக் குடுத்துடுவேன். அவனாவது பில்லு போட்டுக்குவான்."

கல்லூரியில் அக்காவுக்குக் கணினி கிடைத்தது வாரத்துக்கு ஒரு மணி நேரம். வீட்டிலிருப்பதும் போனால் அவள் கற்றுக்கொள்ள வேறு வழியில்லை.

கெடு நாளன்று அவள் பாட்டை ஓடவிட்டாள். திரையில் நொடிகள் நகர்ந்தன, ஹெட்போனில் மௌனம். அப்போது அம்மா அவளைச் சமையலறைக்கு அழைத்தாள். அவள் எழுந்த நாற்காலியில் அப்பா வந்து அமர்ந்தார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, நகரும் நொடிகளைப் பார்த்து, கண்களை மூடினார். விரல்கள் முழங்காலில் தாளம் போட்டன.

"கேக்குதாப்பா?" என்று அவர் தோளைத் தொட்டேன்.

"கேக்குது, கேக்குது. நல்லாவே கேக்குது. உங்கக்காவ அட்டையில எழுதிக்கச் சொல்லு."

அக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள். முதலில் எழுதினாள், அப்பா எழுந்து போனபின்தான் ஹெட்போனை எடுத்து மாட்டினாள். அவள் முகம் மாறியது. பத்து நிமிடம் எதையெதையோ தட்டிப் பார்த்தாள். பிறகு கண்டுபிடித்தாள்: ஒலி அட்டையில் பழுதே இல்லை, ஒலியளவுகள் எல்லாம் பூஜ்ஜியத்தில் இருந்தன. ஏற்றியதும் கீர்த்தனை வந்துவிட்டது.

"அப்போ அப்பா இன்னாத்தக் கேட்டாரு?"

"வாய மூடுறா. அவரு கேட்டேன்னாருன்னா கேட்டாரு."

காணாததை எழுதாதே என்று சொல்லும் அப்பா, மகளுக்காக ஒரு பொய் சொல்லியிருக்கிறார் என்று நான் முடிவு செய்தேன். அந்தப் பெருமையில் பல நாள் திளைத்தேன்.

அன்று மாலை அக்கா ஸ்பீக்கரை இணைத்தாள். சமையலறையிலிருந்து அம்மா இரண்டாம் சரணத்தில் சேர்ந்துகொண்டாள். எங்களுக்கு முதுகு காட்டி நாளிதழ் படித்துக்கொண்டிருந்த அப்பா நிமிரவில்லை. பகலில் கேட்ட பாட்டுதானே என்று நினைத்தேன்.

"மூணு வாட்டி கூப்டாத்தான் திரும்புவாரு. சூப்பர்வைசர் காது," என்றாள் அம்மா, வழக்கம்போல.

அக்கா சிரிக்கவில்லை. ஒலியை ஏற்றினாள், ஜன்னல் கண்ணாடி அதிரும்வரை ஏற்றினாள். அப்பா பக்கத்தைப் புரட்டினார். அவள் மெல்ல ஒலியை இறக்கிவிட்டு அந்த முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பதினெட்டு வருடம் டிரம்களின் இரைச்சலில் நின்றவர், பழுது பெட்டியில் இல்லை, தன் காதில்தான் என்று எண்ணிக் கேட்பதாகச் சொன்னார் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை. அக்காவுக்கு விளங்கியது. கணினி வீட்டிலேயே தங்கியது.

அப்பாவை அடக்கம் செய்து மூன்று வாரமாகிறது. அவர் அலமாரியில் இந்த அட்டை இருந்தது. நான் இன்னும் முடிக்காதவை:

அலமாரிச் சாவியை அம்மாவிடம் ஒப்படைப்பது.

அட்டையோடு இருந்த, அவர் உறை பிரிக்காத செவிக்கருவியை யாருக்காவது கொடுப்பது.

அந்த ஞாயிறைப் பற்றி அக்காவிடம் பேசுவது.

12.20 என்ற வரியைத் திருத்துவதா என்று முடிவு செய்வது.