மீசை இல்லாத படம்

நாச்சம்மாள் அக்கா கத்தரிக்காயைக்கூடப் புரட்டிப் பார்க்காமல் வாங்கமாட்டாள். கொழிஞ்சாம்பாறைச் சந்தையில் அவளைக் கண்டாலே வியாபாரிகளுக்கு முகம் கடுகடுத்துவிடும். அப்படிப்பட்டவளிடம் ஒரு படத்தைக் காட்டி, இதுதான் உன் புருஷன் என்றால் சும்மா நம்பிவிடுவாளா?

மச்சான் ஆறுமுகசாமி வாய்க்கால் மேட்டில் பைக்கோடு விழுந்து, கண்ணுக்குக் கீழே எலும்பை நொறுக்கிக்கொண்டார். பாலக்காட்டு ஆஸ்பத்திரியில் சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். உடனே ஆபரேஷன் செய்யாவிட்டால் பார்வை போய்விடும் என்றார் டாக்டர். மச்சானுக்கு நினைவில்லை. அக்காதான் கையெழுத்துப் போட வேண்டும்.

ஸ்கேன் எடுத்த லிஜி கம்ப்யூட்டரில் படத்தைக் காட்டினாள். மொட்டைத் தலை, மூடிய கண், புருவமில்லை, மீசையில்லை. களிமண்ணில் பிடித்து வைத்த முகம் போல இருந்தது.

"இதாருங்க? எங்கூட்டுக்காரருக்கு மீசை இருக்குதுங்க. ஆரோடதையோ மாத்திக் காட்டறீங்க. நான் கையெழுத்துப் போடமாட்டனுங்க."

எனக்கும் குழப்பமாகத்தான் இருந்தது. இத்தனை வருஷமாக அந்த மீசையைத்தானே மச்சான் என்று நினைத்து வந்திருக்கிறேன்!

"முடி இதுல வராதும்மா," என்றாள் லிஜி. "துண்டு துண்டா எடுத்த படத்தையெல்லாம் சேர்த்து கம்ப்யூட்டர் உண்டாக்கின முகமாக்கும் இது. நிறமும் அது கொடுத்ததுதான்."

எதையோ அழுத்தினாள். தோல் மறைந்து, கண்ணுக்குக் கீழே நொறுங்கிய மண்டையோடு வந்து நின்றது.

"அய்யோ, தோலை வைங்கம்மிணி! மறுக்கா வைங்க!" என்று அக்கா அலறினாள்.

நிறம் கம்ப்யூட்டர் பூசியது, தோலை வேண்டும்போது கழற்றலாம் என்றால், உடைந்த எலும்பு மட்டும் எப்படி மெய்யாகும்? எனக்குக் கோபம் வந்தது. யாரிடம் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை. வேறு யாருடைய படமாகவாவது இருந்துவிடாதா என்றும் உள்ளுக்குள் ஓர் ஆசை.

லிஜி தோலைத் திரும்ப வரவழைத்து முகத்தைப் பெரிதாக்கினாள். மேலுதட்டில் மூக்கை நோக்கி ஒரு சிறு பள்ளம் ஓடியது. அக்கா குனிந்து பார்த்தாள். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"அவருதானுங்க," என்றாள். "பொறந்தப்பவே ஒதடு பொளந்திருந்துச்சு. தெச்ச தழும்பு. இங்க என்னையத் தவிர ஆருக்கும் தெரியாது."

கையெழுத்துப் போட்டாள். பேனாவை வைத்ததும் முந்தானையை இழுத்து, திரையில் தெரிந்த அந்த வாயை மூடிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"நீ வெளிய போ சந்துரு. நீ பாத்தீன்னு தெரிஞ்சா அவரு வெக்கப்படுவாரு."